சொக்சோவின் வேலை இழப்புக் காப்புறுதி: கை கொடுக்கும் இடமும் கை விரிக்கும் இடமும்

மலேசியாவில் தனியார் துறையில் வேலை செய்பவர்களின் சம்பளச் சீட்டில் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இரண்டுக்கும் பக்கத்தில் "எஸ்.ஐ.பி." அல்லது "இ.ஐ.எஸ்." (வேலைக் காப்புறுதித் திட்டம்) என்று ஒரு சின்னத் தொகை பிடிக்கப்பட்டிருக்கும். 3,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளக்காரருக்கு அது ஆறு வெள்ளியைத் தொடாது. தொகை சிறிது என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆள்குறைப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் "இது எதற்குப் பிடித்தார்கள்?" என்ற கேள்வி எழுகிறது. அந்தக் காப்புறுதி எப்படி வேலை செய்கிறது, எங்கே காலை வாரிவிடுகிறது என்பதுதான் இந்த மதிப்பீடு. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. பணம் வரும், கணக்கும் நியாயமானது. ஆனால் இது வேலையைக் காப்பாற்றாது, முதலாளி தரவேண்டிய பாக்கியையும் வாங்கித் தராது. அந்த இரண்டுக்கும் வேறு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. சொக்சோ பணம் வந்துவிட்டதே என்று இருந்துவிட்டு மற்ற இரண்டையும் தவறவிடுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

2017ஆம் ஆண்டின் வேலைக் காப்புறுதித் திட்டச் சட்டத்தின்படி 2018 ஜனவரி முதல் சந்தா பிடிக்கப்படுகிறது. தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு. 18 முதல் 60 வயது வரையிலான மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இதில் அடங்குவர். அந்நியத் தொழிலாளர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் இது இல்லை. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் திட்டத்துக்கு வெளியே போக முடியாது. 2024 அக்டோபர் முதல் 6,000 வெள்ளி வரையிலான சம்பளத்துக்கு மட்டும் சந்தா கணக்கிடப்படுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பது நம் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளிக்கு இருந்த ஒரே பிடிமானம் 1980ஆம் ஆண்டின் வேலை நீக்கப் பயன் விதிமுறைகள்தான். நீக்கப்படும் தொழிலாளிக்கு ஒரு தொகை தரச் சொல்பவை அவை; அந்தப் பணமும் முதலாளியின் பையிலிருந்து வரவேண்டும். நிறுவனம் நொடித்துப்போனால் வெறுங்கைதான். 2015இல் மலேசிய விமான நிறுவனத்தின் சீரமைப்பில் சுமார் 6,000 வேலைகள் போனபோதும் தேசிய அளவில் வேலை இழப்புக் காப்புறுதி என்று ஒன்று கிடையாது. இன்றைய திட்டத்தின் முதல் பெருமை இதுதான்: முதலாளி திவாலானாலும், கதவைப் பூட்டிக்கொண்டு காணாமல் போனாலும் இந்தப் பணம் நிற்காது. அது சொக்சோ நிதியிலிருந்து வருகிறது.

எவ்வளவு வரும்?

முக்கியமான பயன் வேலை தேடும் உதவித்தொகை. 2017ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த விகிதம் இது: முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்கள் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்கள் 30. "சம்பளம்" என்றால் கைக்கு வந்த தொகை அல்ல. சந்தா அட்டவணையில் உங்கள் சம்பளம் விழும் படிக்கு ஒரு "அனுமானச் சம்பளம்" இருக்கிறது. 2,900க்கு மேல் 3,000 வரை வாங்குபவருக்கு அது 2,950. அவருக்கு முழு ஆறு மாதமும் கிடைத்தால் வருவது 2,360, 1,475, 1,180, 1,180, 885, 885. மொத்தம் 7,965 வெள்ளி. 6,000க்கு மேல் வாங்குபவருக்கு அனுமானச் சம்பளம் 5,950. அவருக்கு முதல் மாதம் 4,760, ஆறு மாதத்துக்கும் சேர்த்து 16,065.

எல்லாருக்கும் ஆறு மாதம் கிடைக்காது. வேலை போவதற்கு முந்தைய 24 மாதங்களில் குறைந்தது 12 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். எத்தனை மாதம் கட்டினீர்கள், இது எத்தனையாவது மனு என்பதைப் பொறுத்து மாதங்களின் எண்ணிக்கை கூடும், குறையும்.

தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஏமாறும் இடம் வேறு. கணக்குக்கு எடுப்பது கடைசி ஆறு மாத அனுமானச் சம்பளத்தின் சராசரி. சொக்சோ சந்தா ஓ.டி. (மிகைநேர வேலை) பணத்துக்கும் சேர்த்துப் பிடிக்கப்படுகிறது. ஆனால் எந்தத் தொழிற்சாலையும் ஆளைக் குறைக்கும் முன் ஓ.டி.யைத்தான் முதலில் நிறுத்தும். அடிப்படைச் சம்பளம் 1,900, ஓ.டி.யோடு 3,000 என்று வருடக்கணக்கில் வாங்கியவருக்கு, கடைசி ஆறு மாதமும் ஓ.டி. இல்லையென்றால் உதவித்தொகை 1,900ஐ ஒட்டித்தான் வரும். இது திட்டத்தின் வடிவத்திலேயே இருக்கும் குறை. ஆறு மாதத்துக்குப் பதில் 12 மாதச் சராசரி எடுத்தால் இந்த அநியாயம் பாதியாவது குறையும்.

இன்னொரு குறை, விகிதம் இறங்கும் வேகம். இரண்டாம் மாதத்திலேயே பாதியாகிவிடுகிறது. சீக்கிரம் வேலை தேடட்டும் என்பது நோக்கம். ஐம்பதைத் தாண்டிய இயந்திர இயக்குநருக்கு அது பொருந்தாது. வீட்டுக் கடனும் கார்க் கடனும் பாதியாவதில்லை.

மனு போடும்போது

கெடு 60 நாள், வேலை போன தேதியிலிருந்து. இணையத்தில் போடலாம், சொக்சோ அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். ஐ.சி. (அடையாள அட்டை), வேலை நீக்கக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். சம்பளச் சீட்டைப் பல நிறுவனங்கள் இப்போது செயலியில்தான் தருகின்றன. கடைசி நாளன்று கடவுச்சொல் முடங்கிவிடும். கடிதம் வந்த அன்றைக்கே ஒரு வருடச் சீட்டையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். சந்தா உண்மையில் கட்டப்பட்டதா என்பதையும் அப்போதே சொக்சோ பதிவில் பார்த்துவிடுங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட முதலாளிகள் உண்டு. அப்படியென்றால் சீட்டையே ஆதாரமாக வைத்துச் சொக்சோவில் புகார் கொடுக்க வேண்டும்.

பெரும்பாலான மனுக்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்: வேலை போன காரணம். ஆள்குறைப்பு, நிறுவனம் மூடுவது, நொடித்துப்போவது, வி.எஸ்.எஸ். எனப்படும் விருப்ப விலகல் திட்டம், முதலாளியின் நடத்தையால் வேறு வழியின்றி வெளியேறுவது ஆகியவை செல்லும். தானாக ராஜினாமா செய்வது, நடத்தைக் குற்றத்துக்காக நீக்கப்படுவது, பணி ஓய்வு, குறிப்பிட்ட கால ஒப்பந்தம் முடிவது ஆகியவை செல்லாது. இரு தரப்பும் நிபந்தனையின்றிச் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதும் செல்லாது.

அந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். மனிதவளப் பிரிவு உங்களை ஓர் அறைக்குள் அழைத்து, "ஆள்குறைப்பு என்று போட்டால் உங்கள் பெயர் கெடும், ராஜினாமா என்று எழுதிக் கொடுங்கள், இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம்" என்று சொல்லும். அல்லது "பரஸ்பர விலகல்" என்ற தலைப்பில் ஓர் ஒப்பந்தத்தை நீட்டும். அதில் கையெழுத்துப் போட்டால் சொக்சோ உதவித்தொகை, சட்டப்படியான வேலை நீக்கப் பயன், நீதிமன்றம் போகும் வழி மூன்றுக்கும் ஆபத்து. ஆள்குறைப்பினால் பெயர் கெட்டுப்போனவர் யாரும் இல்லை. கடிதம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். புரியாவிட்டால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தெரிந்தவரிடம் காட்டிய பிறகு பதில் சொல்லுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போடச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கையெழுத்துக் கேட்டால், "கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று எழுதித் தேதி போடுங்கள்.

குத்தகை நிறுவனங்கள் வழியாக வேலை செய்பவர்களை இந்தத் திட்டம் கைவிடுகிறது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே போய், வேலை குறையும்போது புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். காகிதத்தில் அது ஒப்பந்த முடிவு. நடப்பில் அது ஆள்குறைப்பு. மாதம் தவறாமல் சந்தா கட்டியும் அவர்களுக்கு உதவித்தொகை இல்லை. திட்டத்தின் ஆகப் பெரிய ஓட்டை இதுதான்.

மனு ஏற்கப்பட்ட பிறகும் சும்மா இருக்க முடியாது. வேலை தேடியதற்கான ஆதாரத்தை மாதாமாதம் காட்ட வேண்டும்: எங்கே விண்ணப்பித்தீர்கள், எந்த நேர்முகத்துக்குப் போனீர்கள் என்று. அதைக் காட்டத் தவறினால் அடுத்த தவணை நிற்கும். விண்ணப்பித்த ஒவ்வொன்றையும் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துத் தேதியோடு சேர்த்து வைத்தால் தலைவலி இல்லை. இடையில் வேலை கிடைத்துவிட்டால் மறைக்காதீர்கள், அது குற்றம். சட்டம் அதற்கென்றே ஒரு பயன் வைத்திருக்கிறது: மீதி மாதங்களுக்குரிய தொகையில் 25 விழுக்காடு, சீக்கிரம் வேலைக்குத் திரும்பியதற்காக. பயிற்சிக் கட்டணமும் உண்டு. வெல்டிங், ஃபோர்க்லிஃப்ட் போன்ற சான்றிதழ் எடுக்க நினைப்பவர்கள் அதிகாரியிடம் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளின் பட்டியலைக் கேளுங்கள்.

முதலாளி தரவேண்டியது வேறு கணக்கு

சொக்சோ பணம் வருவதால் முதலாளியின் கடமை தீர்ந்துவிடாது. 1980 விதிமுறைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. தொடர்ந்து 12 மாதம் வேலை செய்தவருக்கு, இரண்டு வருடத்துக்குக் குறைவென்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். 20 நாள் விகிதம் முழுச் சேவைக்கும் பொருந்தும். முதல் இரண்டு வருடத்துக்கு 10, அடுத்த மூன்றுக்கு 15 என்று துண்டு போட்டுக் கணக்குக் காட்டினால் அது தவறு. முடியாத வருடத்துக்கும் மாதக் கணக்கில் பங்கு உண்டு.

ஒருவர் 8 வருடம் 4 மாதம் வேலை செய்தவர், மாதம் 2,600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கடைசி 12 மாதச் சம்பளம் 31,200. நடைமுறையில் அதை 365ஆல் வகுத்தால் நாள் சம்பளம் 85.48. 8 வருடம் 4 மாதம் என்பது எட்டேமூன்றில்-ஒரு வருடம்; அதை இருபதால் பெருக்கினால் 166.67 நாள். தொகை ஏறக்குறைய 14,247 வெள்ளி. வருடப் போனஸ் இதில் சேராது. இந்தத் தொகையில் இ.பி.எஃப். பிடிக்கக் கூடாது. வேலை நீங்கிய ஏழு நாளுக்குள் கைக்கு வர வேண்டும். எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை இழப்புக்கான ஈட்டுத்தொகையில் ஒரே முதலாளியிடம் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 10,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு உண்டு. அதையும் மறந்து வரி பிடித்துவிடுகிறார்கள்.

நோட்டீஸ் தனி. ஆள்குறைப்பு என்றால், ஒப்பந்தம் என்ன சொன்னாலும் குறைந்தது இவ்வளவு தர வேண்டும்: இரண்டு வருடத்துக்குக் குறைவானவருக்கு 4 வாரம், ஐந்துக்குக் குறைவானவருக்கு 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். நோட்டீஸ் தராவிட்டால் அந்த வாரங்களுக்குரிய சம்பளம். "உங்களுக்கு மூன்று மாதச் சம்பளம் தருகிறோம்" என்று பெருந்தன்மையாகச் சொல்வார்கள். அதில் நோட்டீஸ் எவ்வளவு, மிச்சமிருக்கும் விடுமுறைக்கு எவ்வளவு, வேலை நீக்கப் பயன் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் சட்டம் சொன்னதே முழுதாக இருக்காது.

2023 ஜனவரியிலிருந்து தீபகற்பத்தில் தொழிலாளர் சட்டம் எல்லாச் சம்பளக்காரருக்கும் பொருந்தும் என்றாலும், இந்த 10, 15, 20 நாள் பயன் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவருக்குக் கிடையாது. அவர்கள் தங்கள் நியமனக் கடிதத்தையோ தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தத்தையோதான் நம்ப வேண்டும். 4,200 வாங்கும் மேற்பார்வையாளர் ஒருவர் 20 வருடச் சேவைக்குப் பிறகு சட்டப்படி ஒன்றும் கேட்க முடியாமல் நிற்பது எந்த நியாயத்திலும் சேராது.

பயன் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. இலாகாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆள் குறைக்கும் முதலாளி குறைந்தது 30 நாளுக்கு முன்பே அங்கே ஆள்குறைப்பை அறிவிக்கும் "பி.கே." படிவத்தைக் கொடுக்க வேண்டும். அது கொடுக்கப்பட்டதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் பிறகு ஓர் ஆதாரம்.

நிறுவனம் கை மாறும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதிய உரிமையாளர் மாற்றம் நடந்த ஏழு நாளுக்குள், முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலையைத் தொடரச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய முதலாளி உங்களை நீக்கியதாகவே கணக்கு, பயனை அவர் தர வேண்டும். நல்ல நிபந்தனையோடு அழைத்தும் தகுந்த காரணமின்றி மறுத்தால் பயன் போய்விடும். ஆகவே புதிய கடிதத்தில் சேவைக்காலம் பழைய தேதியிலிருந்து தொடர்கிறதா என்று முதலில் பாருங்கள். தேதி புதிதாக இருந்தால் பதினைந்து வருடச் சேவை அங்கேயே அழிந்துவிடும்.

இரண்டாவது 60 நாள்

ஆள்குறைப்பே பொய் என்று நினைத்தால் போக வேண்டிய இடம் தொழில் உறவு இலாகா. 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. இதற்கும் கெடு 60 நாள், ஆனால் இது சொக்சோ கெடு அல்ல. ஒன்றில் மனு கொடுத்தது மற்றதைக் காப்பாற்றாது. 61ஆம் நாள் போனால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் எடுக்கமாட்டார்கள். நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொடுக்கலாம். சம்பள வரம்பு இல்லை, ஆகவே 4,000க்கு மேல் வாங்குபவர்களுக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது. முதலில் சமரசப் பேச்சு. அதில் வழக்கறிஞர் வர முடியாது, தொழிற்சங்கப் பிரதிநிதி வரலாம். தீராவிட்டால் இலாகாவின் தலைமை இயக்குநர் நேரே தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். 2021க்கு முன் அமைச்சரின் மேசை வழியாகப் போக வேண்டியிருந்தது, இப்போது அந்தத் தாமதம் இல்லை.

நிறுவனத்தைச் சீரமைக்கும் உரிமை முதலாளிக்கு உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்கிறது. ஆனால் அது நல்லெண்ணத்தோடு நடந்தது, அந்த வேலை உண்மையிலேயே மிகையானது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஆகவே மூன்று விஷயங்களைத் தேடிச் சேர்த்து வையுங்கள். உங்கள் வேலைக்கே வேறு பெயரில் ஆள் எடுக்கும் விளம்பரம் வந்திருக்கிறதா? தேதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். உங்களுக்குப் பின் சேர்ந்தவர் அதே வேலையில் இருக்க நீங்கள் நீக்கப்பட்டீர்களா? 1975ஆம் ஆண்டின் தொழில் நல்லிணக்க நெறிமுறை கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்கிறது. அது சட்டம் அல்ல, ஆனாலும் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளும். ஒரே வகை வேலையில் அந்நியத் தொழிலாளரை வைத்துக்கொண்டு உள்நாட்டவரை நீக்கினார்களா? தொழிலாளர் சட்டத்தின் 60-என் (60N) பிரிவு அதைத் தடுக்கிறது. அந்தப் பிரிவைச் சொல்லும்போது கோபம் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் வங்காளதேசிமீதோ நேப்பாளிமீதோ திரும்ப வேண்டாம். குறைந்த செலவைத் தேர்ந்தெடுத்தது அவரல்ல, அவருக்கு வேலை போனால் சொக்சோவின் இந்த உதவித்தொகைகூடக் கிடையாது.

வென்றால் மீண்டும் வேலை, அல்லது அதற்குப் பதில் ஈட்டுத்தொகை. அதோடு பின்சம்பளமும் (நீக்கப்பட்ட காலத்துக்கான சம்பளம்) உண்டு, வேலையில் உறுதிப்படுத்தப்பட்டவருக்கு அதிகபட்சம் 24 மாதம், சோதனைக் காலத்தில் இருந்தவருக்கு 12 மாதம். இடையில் வேறு இடத்தில் சம்பாதித்ததைக் கருதிக் கழிப்பார்கள். அதற்காக வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டாம். வழக்கு முடிய எடுக்கும் காலத்துக்கு எந்தக் குடும்பமும் வெறும் வயிற்றோடு காத்திருக்க முடியாது. சொக்சோ தரும் ஆறு மாதமும் அதற்குள் தீர்ந்துவிடும்.

தொழிற்சங்கம் உள்ள இடத்தில் இத்தனையையும் தனியாளாகச் சுமக்க வேண்டியதில்லை. கூட்டு ஒப்பந்தத்தில் 1980 விதிமுறையைவிட நல்ல விகிதம் இருக்கலாம், முதலில் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சங்கம் இல்லாத இடத்தில் ஒரே நாளில் கடிதம் வாங்கியவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, சேர்ந்த தேதி, வேலை, சம்பளம், தரப்பட்ட தொகை என்று ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். யாருக்குக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அந்த ஒரு தாளிலேயே தெரிந்துவிடும். அந்தத் தாளோடு தொழிலாளர் இலாகாவுக்கு ஒன்றாகப் போங்கள்.